ஜெசிந்தா கொட்டிய நாற்பது புட்டி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பூரணாங்குப்பம் தொடங்கி பாகூர் வரைக்கும் தண்ணீருக்கு நானூறு போர் போட்டவன் இந்தத் தனிஸ்லாஸ். என் தம்பி அமல்தாஸின் மகள் ஜெசிந்தா மேரியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

அவள் கோவாவில் கடல் ஆராய்ச்சி செய்கிறாள். ஆழ்கடலில் குழாய் இறக்கிச் சேறு எடுப்பார்கள். அதை அலசினால் கடுகைவிடச் சிறிய ஓடுகள் மிஞ்சும். எப்போதோ செத்த கடல் பூச்சிகளின் ஓடு. அதை வைத்தே, இருபதாயிரம் வருடத்துக்கு முன் கடல் சூடா குளிரா என்று சொல்லிவிடுவாள்.

கொரோனா ஊரடங்கில் ஆய்வுக்கூடத்தை மூடிவிட, நாற்பது பொட்டலம் சேற்றோடு வீட்டுக்கு வந்தாள். ஆகஸ்டுக்குள் முடிவைக் கொடுத்தால்தான் அடுத்த ஆராய்ச்சிக் கப்பல் பயணத்தில் அவளுக்கு இடம். கொண்டுவந்த சுத்த நீர் தீர்ந்ததும், அந்த வீட்டில் நான் போட்ட போர்த் தண்ணீரிலேயே அலசினாள். மூன்று மாதம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி, மெல்லிய பிரஷ்ஷால் ஓடு பொறுக்கிப் புட்டிகளில் சேர்த்தாள்.

ஒரு காலை என்னைக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, இத பாருங்க. இது கரையோரத்துல வாழறது. ரெண்டாயிரம் மீட்டர் ஆழத்துச் சேத்துல இதுக்கு இன்னா வேல?"

"அடிச்சிக்கினு வந்திருக்கும்டி."

அவள் குழாய் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டாள். துணியில் படிந்த பொடியிலும் அதே ஓடு.

"உங்க போர்ல பழைய கடல் மணல் வருது பெரியப்பா."

"என் போர்லயா? யார்கிட்ட பேசறன்னு தெரியுதா?"

"நானூத்தி ஒண்ணாவது போட்டுக் குடுண்ணே," என்று சிரித்தான் அமல்தாஸ்.

"ரெண்டு ஓடுதானே? பொறுக்கிப் போட்டுட்டு மீதிய அனுப்பு. எவன் பாத்தான்?" என்றேன்.

"நான் பாத்துட்டேனே பெரியப்பா. கண்ணுல படாம எவ்ளோ கலந்துச்சோ."

அன்றே தன் பேராசிரியருக்கு நடந்ததை எழுதினாள். நாற்பது புட்டியையும் தென்னையடியில் கொட்டினாள். கப்பலில் அவள் இடம் வேறொருவருக்குப் போனது. சிரித்த அமல்தாஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆய்வுக்கூடம் திறந்ததும், அங்கே பத்திரமாக வைத்திருந்த மீதிச் சேற்றை முதலிலிருந்து அலசினாள். பதினோரு மாதம் ஆனது.

அடுத்த கப்பலுக்குப் பேராசிரியரே கூப்பிட்டார். சேறு அலசுகிற பொறுப்பு முழுக்க அவளிடம். "தண்ணியைச் சந்தேகப்பட்ட பொண்ணுதான் வேணும்" என்றாராம்.

புறப்படும் முன் ஊருக்கு வந்தாள். அதற்குள் நான் என் கைக்காசில் அந்தப் போரில் மணல் தடுக்கிற புது ஃபில்டர் குழாய் இறக்கியிருந்தேன். பையை வைத்ததும் குழாயில் துணி கட்டினாள். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன்.

"சுத்தம் பெரியப்பா," என்றாள்.

நானூறு போர் போட்டும் இப்படி ஒரு சான்று எனக்கு எவனும் கொடுத்ததில்லை.