ராட்டினத்துக்கு ஆட்சேபனை எழுதிய கோடை

1. ஐந்தாவது கையெழுத்து

கோப்பு என் மேசைக்கு வந்தபோது அதில் நான்கு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் மேற்பார்வையாளராக இருந்த பூங்காவில், கோடை விடுமுறையில் நாற்பத்தைந்து நாள் பொருட்காட்சி நடத்த ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. ஜெயண்ட் வீல், கொலம்பஸ், மரணக் கிணறு, டெல்லி அப்பளக் கடை எல்லாம் உண்டு. நான்கு பேரும் ‘ஆட்சேபனை இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். அடுத்தது என் முறை. தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில் நடந்தது இது.

வரைபடத்தைப் பார்த்தேன். ஜெயண்ட் வீல் நிற்கும் இடம் மூன்று பெரிய தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவில் இருந்தது. பூங்காவுக்குப் போய், நானே கடப்பாரையால் நான்கு இடத்தில் லேசாகத் தோண்டிப் பார்த்தேன். ஒரு முழ ஆழத்திலேயே வேர் தட்டியது. டேப் பிடித்து அளந்து, வேர் ஓடும் திசையைப் படமாகப் போட்டு, இரண்டு பக்கத்துக்கு ஆட்சேபனை எழுதினேன்.

அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏனுங்க அம்மணி, நாலு பேரு எழுதுனதையே நீங்களும் எழுதிப்போட்டா ஆகாதுங்களா?”

“வீலு நிறுத்தத் தோண்டற குழி வேரு மேலயே வருதுங்க சார்.”

“மத்த யாரு கண்ணுக்கும் தெரியாத வேரு உங்களுக்கு மட்டும் தெரியுது” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

அதன் பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும் பெஞ்சில் உட்காருகிறவர்கள், ஒருவர் பின் ஒருவராக ஜன்னலோரப் பெஞ்சுக்கு மாறிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

2. முப்பது பேர்

தினமும் காலையில் பூங்காவில் நடக்க வருகிறவர்களுக்கு, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரங்கசாமி என்பவர்தான் தலைவர் மாதிரி. விஷயம் தெரிந்ததும் அவரே தேடி வந்தார்.

“நீங்க தைரியமா இருங்க அம்மணி. கூட்டத்தன்னைக்கு முப்பது பேரு கையெழுத்தோட நாங்க வாரோமுங்க.”

அந்த வார்த்தையை நம்பி ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அனுமதியை முடிவு செய்யும் கூட்டம் ஆபீஸில் பதினோரு மணிக்கு. சுருட்டிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு பத்து மணியிலிருந்தே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. உள்ளே என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். என் குறிப்பைக் கோப்பில் வைத்துக்கொண்டு, அனுமதியும் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ரங்கசாமியை வழியில் நிறுத்திக் கேட்டேன்.

“பேரப் பசங்க ஆசப்படுதுங்க அம்மணி. ஊட்டுக்கு ஊடு பாஸ் வேற குடுத்துப்போட்டாங்க. ஒன்ற மாசந்தானுங்களே” என்றார், புல்லைப் பார்த்துக்கொண்டே. அடுத்த நாளிலிருந்து அவர் சுற்றும் திசையை மாற்றிக்கொண்டார். நான் நிற்கும் கேட் பக்கம் வருவதேயில்லை.

என் கணவருக்குப் பொள்ளாச்சியில் வேலை. வாரம் ஒரு நாள்தான் வருவார். வீட்டில் நானும் ஏழாவது படிக்கும் மகளும்தான். அன்று சாயங்காலம் சோறு போடும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, ராட்டினம் வேண்டாம்னு எழுதுனது நீங்கதான்னு எங்க கிளாஸ்ல யாருகிட்டயும் சொல்லீறாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். அவளை விட்டால் பேச அப்போது எனக்கு ஆளும் இல்லை.

3. கோப்பு போகாத இடம்

லாரிகள் வரும் நாளன்று விடியலிலேயே போய், வேர் ஓடும் இடமெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. சும்மா நிற்க முடியவில்லை.

ஜெயண்ட் வீலைப் பூட்டி நிறுத்தும் ஃபிட்டர் அன்னூர்க்காரர், முத்துசாமி என்று பேர். கோட்டைத் தாண்டாமல் நின்று கேட்டார்.

“ஏனுங்க அக்கா, இதென்னங்க கோடு?”

சொன்னேன். அவர் குனிந்து மண்ணைத் தள்ளிப் பார்த்தார். தொடை கனத்துக்கு வேர் இருந்தது.

“இதைய வெட்டுனா மரம் சாஞ்சுருமுங்களா?”

“உடனே சாயாதுங்க. ரெண்டு மூணு மழை போனா, ஒரு காத்துல சாஞ்சுரும்.”

அவர் எழுந்து, காலடியால் அளந்துகொண்டே மேற்குப் பக்கம் போனார். “இருபதடி தள்ளி நிறுத்திக்கறனுங்க. எனக்கும் வேரு மேல வீலு மட்டமா நிக்காது. இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே.”

“ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தனுங்க.”

“அந்தக் காயிதமெல்லாம் எங்க கைக்கு வராதுங்கக்கா.”

பொருட்காட்சி நடந்தது. நாற்பத்தைந்து நாளும் கேட்டில் எனக்கு டியூட்டி. அவ்வளவு கூட்டத்தில் தெரிந்த முகங்கள் நிறைய வந்தன, நின்று பேசியவர்கள் குறைவு. முடிந்தபோது புல்தரை தார் ரோடு மாதிரி இறுகியிருந்தது. கொத்தி, எரு போட்டு, மறுபடி பச்சை பிடிக்க மழைக்காலம் ஆகிவிட்டது. மூன்று மரங்களும் நின்றன. நடக்க வருகிறவர்கள் அதே நிழலில் திரும்பவும் நடந்தார்கள்.

ஆட்சேபனை எழுதியது தப்பென்று இன்றுவரை நினைக்கவில்லை. ஆனால் அதை எழுதிவிட்டு, யாராவது என் பக்கம் வந்து நிற்பார்களா என்று ஒரு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழி தோண்டப் போகிறவர் யார் என்று ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்த வருடமும் கோப்பு வந்தது. அதே இரண்டு பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மத்தியானமே முத்துசாமியைப் பார்க்க காந்திபுரத்தில் அன்னூர் பஸ் ஏறினேன்.