பத்து டெசிபல்

அந்த மீட்டரின் விவரத்தாளில் இருந்த அத்தனை வரியும் எனக்கு மனப்பாடம். எந்த அலைவரிசை வரை பார்க்கும், எவ்வளவு மெல்லிய சிக்னலைப் பிடிக்கும், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், எவ்வளவு வெயில் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். அதன் முழுப்பெயர் ஸ்பெக்ட்ரம் அனலைசர். காற்றில் போகிற ரேடியோ அலைகளைச் சின்னத் திரையில் மேடு பள்ளமாக வரைந்து காட்டும். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க்காட்டில் வளர்ந்தவன் நான். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தேன். மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர்தான். ஒருவர் வேலை முடித்து அடுத்தவருக்குக் கைமாற்றுவார். வாங்கியவர் முன்னவர் வைத்த செட்டிங்கைத் தொடமாட்டார். ஒழுங்காக ஓடுவதைக் கலைத்துவிட்டு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள எவனுக்கும் ஆசையில்லை. எங்களுக்குள் அது எழுதாத சட்டமாகவே இருந்தது. நானும் அப்படித்தான் ஸ்விட்சைப் போட்டதும் அளக்க ஆரம்பித்துவிடுவேன்.

திருப்புல்லாணிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கிருந்த கோபுரத்தைப் பற்றிப் புகார் வந்துகொண்டே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் பேச்செல்லாம் பாதியில் அறுந்தது. அதுவும் மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று ஓங்கி அடிக்கிற நாட்களில் ரொம்ப மோசம். அது ஆடி மாதம், கச்சான் அடிக்காத நாளே இல்லை. அந்த வாரத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மதுரையிலிருந்து மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆளும் இல்லை.

இரண்டு நாள் மணலில் அலைந்தேன். மூன்றாம் நாள், கரையோரம் கடைசி வீட்டின் கூரையில் ஒரு நெட்டை ஆன்டெனாக் கம்பியைப் பார்த்தேன். உள்ளே டிவி இருக்கவேண்டிய மேஜையில் ஒரு வயர்லெஸ் செட். அதன் முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா உட்கார்ந்து, கடலில் இருந்த வள்ளங்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஆளுக்கொரு வள்ளம் வைத்திருந்தார்கள். அந்த ஊர் வள்ளங்கள் எல்லாவற்றுக்கும் கரையில் அந்த ஒரு செட்டுதான்.

நான் தெருவில் நின்று மீட்டரைப் பார்த்தேன். அவர் மைக்கின் பொத்தானை அழுத்தினார். போன்கள் கோபுரத்தோடு பேசுகிற அலைவரிசையில் வரிசையாக முள் முள்ளாக எழுந்தது. கையை எடுத்தார், அடங்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி எழுந்தது. காற்று அடிக்கிற நாளில்தான் அவரும் அதிகம் பேசுவார், அன்றைக்குத்தான் புகாரும் அதிகம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே நின்று மதுரைக்குப் போன் போட்டேன். வெயிலில் நிற்கிறேனே என்று அந்த அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். ஒரு கையில் செம்பை வாங்கிக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்தபடி, அவருடைய செட்டுக்கு லைசென்ஸ் இருக்காது என்றும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஜீப் வந்தது. மேலதிகாரியும், வயர்லெஸ் உரிமங்களைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியும் இறங்கினார்கள். அதிகாரி வயதானவர், அமைதியானவர். நான் அவர் கண் முன்னால் ஒருமுறை அளந்து காட்டவேண்டும், அவர் எழுதிக்கொண்டு செட்டை எடுத்துப்போவார். அவ்வளவுதான் வேலை. காலை பத்து மணி. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது.

வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அக்காவின் வீட்டுக்காரர் வள்ளத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. நங்கூரம் பிடிக்கவில்லை. காற்று வள்ளத்தைக் கடலுக்குள் இருந்த ஒரு தீவுக்குப் பக்கத்துப் பாரை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. பார் என்றால் தண்ணீருக்குள் கிடக்கிற பவளப்பாறை. மோதினால் வள்ளம் தாங்காது என்றார் பக்கத்தில் நின்றவர். கொழுந்தனார் தன் வள்ளத்தில் தேடிப் போயிருந்தார். வள்ளத்தில் வைத்திருந்தது கையில் பிடிக்கிற சின்ன வயர்லெஸ், வள்ளத்துக்கு வள்ளம் அந்தக் கைச்செட்டு எட்டவில்லை. அக்காவின் கூரைக் கம்பிக்கு மட்டும் இரண்டும் கேட்டது. வீட்டுக்காரர் சொல்கிற அடையாளத்தை வாங்கி அக்கா கொழுந்தனாருக்குச் சொன்னார், கொழுந்தனார் கேட்பதை வாங்கி அங்கே சொன்னார். வீட்டுக்காரரின் கைச்செட்டில் பேட்டரி வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

நான் வாசலில் நின்று மீட்டரைக் காட்டினேன். அக்கா அழுத்தும்போதெல்லாம் முள் எழுந்தது. அதிகாரி தலையாட்டினார். எத்தனை ஊருக்கு இதனால் பாதிப்பு என்று கேட்டார். பன்னிரண்டு ஊர், ஆஸ்பத்திரிக்குக்கூடப் போன் போகமாட்டேன் என்கிறது என்றார் மேலதிகாரி. அதிகாரி அக்காவிடம் போய், செட்டை நிறுத்தவேண்டியிருக்கும் என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார்.

"சார், அவுக பேசுறது எனக்குக் கேக்குது. எங் கொழுந்தனுக்குக் கேக்கல. நடுவுல நான் இல்லன்னா ரெண்டு வள்ளமும் சேராது."

அவர் குரல் உயரவில்லை. காட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு நீச்சலே தெரியாது, கடலுக்குள் ஒருநாளும் போனதில்லை. அந்தச் செட்டு எதற்கு என்று அன்றைக்குக் காலை வரை நான் யோசித்ததுமில்லை. அதிகாரி கொஞ்சம் தயங்கிவிட்டு என்னைப் பார்த்து, பதிவுக்காகப் பக்கத்தில் வந்து ஒரே ஒருமுறை அளந்துவிடு, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று பார்ப்போம் என்றார்.

உள்ளே போனேன். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்ததால் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் திரையின் மூலையில் சின்னதாக ஒரு எழுத்து தெரிந்தது. ப்ரீ-ஆம்ப் ஓடுகிறது என்பதற்கான குறி. மெல்லிய சிக்னலைப் பெருக்கிக் காட்டும் பகுதி அது. எனக்கு முன்னால் மீட்டரை வைத்திருந்தவர் போட்டுவிட்டு அப்படியே கொடுத்திருக்கிறார். கடற்கரை வெயிலில் அந்தக் குறி என் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை.

விவரத்தாளில் அதற்கும் ஒரு வரி உண்டு. அதையும் ஒப்பிப்பேன். ப்ரீ-ஆம்ப் ஓடும்போது பக்கத்தில் பலமான சிக்னல் வந்தால் மீட்டர் திணறி, காற்றில் இல்லாததையெல்லாம் இருப்பதாகக் காட்டும். காது மிஷின் மாட்டியவர் பக்கத்தில் வேட்டுப் போட்டது மாதிரிதான். சோதிக்க ஒரே வழி, உள்ளே வருகிற அலையைப் பத்து டெசிபல் குறைத்துப் பார்ப்பது. குறைத்த அளவை மீட்டரே கணக்கில் கூட்டிக் காட்டும், அதனால் முள் நிஜமென்றால் நின்ற இடத்தில் நிற்கும். பொய்யென்றால் விழுந்துவிடும். ஒரே பொத்தான், பத்து நொடி வேலை. முதல் நாளே செய்திருக்கவேண்டியது.

அந்தப் பொத்தானை நான் உடனே அழுத்தவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் மேலதிகாரி நின்றார். ஜீப்பை வரவழைத்ததே என் பேச்சுதான். துண்டுக்குள் நான் என்ன பார்த்தேன் என்று எவனுக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தங்கும். அந்த எண்ணம் வந்தது, கொஞ்ச நேரம் இருக்கவும் செய்தது. அதற்குள் அக்கா இரண்டு முறை மைக்கை அழுத்தினார். இரண்டாவது முறை அங்கிருந்து வந்த குரல் பாதி வார்த்தையில் தேய்ந்து போனது. "திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பொத்தானை அழுத்தினேன். முட்கள் சரசரவென்று விழுந்தன. ப்ரீ-ஆம்பை நிறுத்தினேன். அக்கா பேசிக்கொண்டுதான் இருந்தார், திரையில் தரைமட்டமாக ஒரு கோடு மட்டும் ஓடியது.

துண்டை எடுத்துவிட்டு அதிகாரியிடம் சொன்னேன். "சார், தப்பு எம் மேல. இது மீட்டருக்குள்ள உண்டானது. இந்தச் செட்டு ஒண்ணும் செய்யல."

மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அதிகாரி மட்டும் காட்டச் சொன்னார். ப்ரீ-ஆம்பைப் போட்டும் எடுத்தும் மூன்று முறை காட்டினேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி யாரும் பேசவேண்டாம், அந்த அம்மா வேலையைப் பார்க்கட்டும் என்றார்.

அதன்பிறகு அந்த வீட்டில் செட்டின் கரகரப்பைத் தவிர வேறு சத்தமில்லை. தீவின் எந்தப் பக்கம், பனை தெரிகிறதா, அலை வெள்ளையாக உடைகிற இடம் எவ்வளவு தூரம் என்று அக்கா கேட்டுக்கேட்டு மாற்றிச் சொன்னார். வீட்டுக்காரர் குரல் ஒருமுறை நின்றே போனது. வாசலில் ஒரு அம்மா அழ ஆரம்பித்தார், யாரோ அவரை வெளியே கூட்டிப்போனார்கள். நான் மீட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கொழுந்தனார் குரல் வந்தது. "கயிறு கட்டியாச்சு மதினி." அக்கா மைக்கை மேஜையில் வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

மதியம் இரண்டு வள்ளமும் கரை சேர்ந்தன. வீட்டுக்காரர் மணலில் கால் வைக்கும்வரை அதிகாரி காத்திருந்தார். பிறகு அக்காவிடம், கோபுரத்துப் புகார் வேறு, லைசென்ஸ் இல்லாத செட்டைக் கண்ணால் பார்த்த பிறகு விட்டுவிட்டுப் போகத் தனக்கு அதிகாரமில்லை என்றார். அவர் குரலில் அதிகாரம் துளிகூட இல்லை. அக்கா தானே வயரைக் கழற்றி, செட்டை ஒரு பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தார்.

சாயங்காலமே கோபுரத்தில் ஆள் ஏறினார். மேலே ஒரு இணைப்பு உப்புக்காற்றில் பச்சைப்பாசியாகக் களிம்பேறியிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் அது ஆடியிருக்கிறது, அவ்வளவுதான் கோளாறு. மாற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. என் வேலையும் போகவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டதே.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், லைசென்ஸுக்கு விண்ணப்பம் நானே எழுதித் தருகிறேன் என்றேன். எத்தனை நாளாகும் என்று கேட்டார், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பேச்சு நின்றுவிடக்கூடாதே என்று, இனிமேல் இங்கே செல்போன் நன்றாக எடுக்கும் என்று என் போனை நீட்டிக் காட்டினேன். சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. அக்கா போனை வாங்கி அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"விடியக்காலம் மறுபடி போறாக தம்பி. இது அந்தத் தீவு தாண்டிக் கேக்குமா?"

அந்தக் கோபுரம் எதுவரை எட்டும் என்பதும் எனக்கு மனப்பாடம். "கேக்காதுக்கா" என்றேன்.