பதினொரு மணிக்கு வைத்த தீ

அந்த வருஷம் தேங்காய் உடைத்தபோது மணி பதினொன்று. தொண்ணூறுகளில் கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் நான் ஃபாரஸ்டராக இருந்தேன். காட்டைச் சுற்றி ஒரு பட்டைக்குப் புல்லை வெட்டிப்போட்டு, காய்ந்ததும் நாங்களே எரித்துவிடுவோம். கோடையில் தீ பிடித்தாலும் அந்த வெறுந்தரையைத் தாண்டாது. காட்டைக் காக்கும் கன்னிமார் சாமிக்குப் பூசை போடாமல் மட்டும் யாரும் தீக்குச்சி உரச மாட்டோம். காற்று எழுவதற்குள், விடியற்காலையிலேயே முடிக்க வேண்டிய வேலை அது. தேங்காய் உடைக்க வேண்டிய எங்கள் மேலதிகாரி ரேஞ்சரின் ஜீப் வழியில் மக்கர் பண்ணி, பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தது.

எனக்குக் கீழே காவல் வேலை பார்த்த வாட்சருக்கும் என் வயதுதான். காய்ந்த புல்லைக் கிள்ளி மேலே தூவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், காத்து ஏறிப்போச்சுங்க. நாளைக்கு வெடியால வெச்சுக்கலாமுங்க," என்றார். ஐப்பசி மழை ஏமாற்றிய வருஷம். பங்குனியில் காய வேண்டிய புல் தையிலேயே சருகாகிக் கிடந்தது. இன்று அது வழக்கமாகிவிட்டது, அன்று எனக்கு உறைக்கவில்லை. பூசை போட்டபின் வேலையை நிறுத்துவது அபசகுனம் என்று பிடிவாதம் பிடித்தேன். உள்ளதைச் சொன்னால், ரேஞ்சர் முன்னால் ஒரு வாட்சரின் பேச்சைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

தீ வைத்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கிழக்குக் காற்று தீயைத் தூக்கி மலைச்சரிவில் போட்டது. மேலே ஓடை பிறக்கும் சோலை. கீழே இருந்த ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் அதுதான் ஊற்று. நாங்கள் பச்சைத் தழையால் அடித்து அடித்து, அனல் தாங்காமல் பின்வாங்கினோம். வாட்சர் மட்டும் பள்ளத்தின் வழியாக மேலே ஓடினார். நான் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. புகை மூடிக்கொண்டது.

அவர் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அவர் வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. என் வீம்புக்கு ஒரு மனிதனைப் பலி கொடுத்துவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டேன். ஓய்வு பெற்ற இத்தனை வருஷத்துக்குப் பிறகும், மேற்கே புகை தெரிந்தால் மொட்டை மாடிக்கு ஏறி, அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு மேலிருந்து இன்னொரு தீ இறங்கி வந்தது. சோலைக்குச் சற்றுக் கீழே, மாடு நடந்து தேய்ந்து வெறுந்தரையான தடத்தை ஒட்டி அவர் எதிர்த்தீ வைத்திருக்கிறார். இரண்டு தீயும் நடுச்சரிவில் முட்டிக்கொண்டன. தின்னப் புல் இல்லாமல் இரண்டும் படுத்துவிட்டன. சோலை ஓரத்தில் சில இலைகள் வாடியதோடு சரி.

கருகிய சரிவில் வாட்சர் நிதானமாக இறங்கி வந்தார். புருவம் பொசுங்கியிருந்தது, கண்கள் சிவந்திருந்தன.

"பயந்துபோட்டீங்களாக்கு?" என்றார்.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். ரேஞ்சர் பக்கம் திரும்பி, "தப்பு என்னுதுங்க சார். இவரு அப்பவே வேண்டாம்னாரு," என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"உடுங்க சார், சட்டையெல்லாம் கரியாகுதுங்க," என்றார் வாட்சர்.

நான் விடவில்லை.