யுத்தத்தைத் தடுக்கிறவைக்குக் கோப்பி ஊத்தினது

கோப்பி ஊத்துற வேலையில முதல் பாடம், மேசையில கதைக்கிறது காதில விழலாம், மண்டைக்குள்ள போகக் கூடாது. நீங்களும் என்னைப்போல அகதியா இஞ்ச வந்து கோப்பை கழுவின ஆக்கள்தானே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு எல்லாம் மண்டைக்குள்ள போயிட்டுது, அதுதான் கரைச்சல்.

எண்பதுகளின்ர நடுப்பகுதி. சூரிச்சில ஒரு ஆராய்ச்சி நிலையம். அங்க இருந்த ஆக்களுக்கு வேலை, யுத்தம் வராமத் தடுக்கிறது. துவக்கு, குண்டு ஒண்டும் இல்லை, கரும்பலகையும் சோக்கும்தான். ஒருத்தனை ஒருத்தன் போதுமான அளவு பயமுறுத்தினா ரெண்டு பேரும் அடிபடமாட்டினமாம். எவ்வளவு பயம் காணும் எண்டு கணக்குப் போடுவினம். அதுக்குப் பெரியவர் டொக்டர் வேபர். குசினியில சமையலுக்குப் பெரியவ ப்ராவ் ஹூபர். ரெண்டு பேருக்கும் நடுவில தட்டத்தோட நான்.

பின்னேர வகுப்புக்குப் போய் டொச் பாசை படிச்சனான். அதால சொல்லு விளங்கும், விசயம் விளங்காது. என்ர அகதி விண்ணப்பம் பேர்னில அரசாங்கக் கந்தோரில கிடந்தது. என்ர மனிசி ஊரில, பருத்தித்துறையில. இண்டைக்குத் திருப்பி அனுப்புவினமோ, நாளைக்கு அனுப்புவினமோ எண்டுதான் காலமையில கண் முழிக்கிறது. நீங்களும் அப்பிடித்தானே முழிச்சனீங்கள்?

சீனிக்கட்டிப் படை

ஒருநாள் வெளிநாட்டு ஆக்கள் கொஞ்சப்பேர் வந்திருந்தினம். டொக்டர் வேபர் சீனிக்கட்டியளை ஒரு பக்கம் அடுக்கினார், சின்னச் சின்னப் பால் கிண்ணங்களை மற்றப் பக்கம் அடுக்கினார். சீனி ஒரு வல்லரசின்ர ஏவுகணை, பால் மற்ற வல்லரசின்ர ஏவுகணை. ரெண்டும் சரிசமமா நிண்டா ஒருத்தரும் முதல் அடி அடிக்க மாட்டினமாம். விளங்கப்படுத்திப்போட்டு எல்லாரும் சிகரெட் பத்த வெளிய போயிட்டினம்.

ப்ராவ் ஹூபரின்ர சட்டம், ஆக்கள் எழும்பினா மேசை துடைக்க வேணும். நான் சீனிக்கட்டியளை எல்லாம் அள்ளிச் சீனிப் பேணிக்குள்ள போட்டன். பாலில கை வைக்கிறன், திரும்பி வந்திட்டினம். டொக்டர் வேபர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு பக்கத்தை மட்டுமோ எடுத்தனீங்கள்?"

"ஓம் டொக்டர், மற்றதையும் இந்தா எடுக்கிறன்."

"ஹெர் சிவா, ரெண்டையும் எடுத்திருந்தா சமாதானம். ரெண்டையும் விட்டிருந்தாலும் சமாதானம். நீங்கள் பாதியில நிண்டபடியால் இப்ப ஐரோப்பாவில யுத்தம்."

வைன் வச்ச பங்கர்

ப்ராவ் ஹூபர் வைன் எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு கீழ போனா. கீழ ஒரு முழ மொத்தத்தில கொங்கிறீட் கதவு. எனக்கு அந்தக் கதவு புதுசில்லை. வந்த புதுசில எங்களைப் படுக்க விட்டதும் இந்த நாட்டில கட்டடங்களுக்குக் கீழ கட்டி வச்சிருக்கிற இப்பிடி ஒரு அணுகுண்டுப் பங்கருக்குள்ளதானே. இஞ்ச உள்ளுக்க வைன், உருளைக்கிழங்கு, ஆரோ வச்ச பனிச்சறுக்குக் கட்டையள்.

அந்தக் கிழமைதான் மனிசி எழுதியிருந்தா, எங்கட வளவிலயும் பனங்குத்தி அடுக்கிப் பங்கர் வெட்டியாச்சு, ஆமியின்ர ஹெலிகொப்டர் சத்தம் கேட்டா உள்ளுக்க ஓடுறது எண்டு. எனக்குக் கேக்காம இருக்க ஏலேல்லை.

"ப்ராவ் ஹூபர், இஞ்ச யுத்தமே வரேல்லை. பிறகேன் இவ்வளவு மொத்தக் கதவு?"

"கதவு இருக்கிறபடியால்தான் வரேல்லை."

"கதவு இல்லாட்டியும் வராம இருந்திருக்கும்தானே? எங்கட வீட்டில பங்கர் வெட்டின பிறகும் ஹெலி வருதே?"

தட்டில இருந்து ரெண்டு போத்தல் எடுத்தா. பிறகு ஒரு போத்தலை என்ர கையில தந்தா.

"இஞ்ச வரேல்லைத்தானே? அப்ப வேலை செய்யுது. மேல கொண்டுபோய் வை."

மிளகாய்த்தூள்

சூரிச்சில ஓர்லிகோன் பக்கம் என்ர அறையில கூட இருந்தவன் அந்தோனி, மன்னார்ப் பெடியன். தங்கமான பிள்ளை, ஆனா நான் ஞாயிற்றுக்கிழமையில முழுக் கிழமைக்கும் எண்டு வைக்கிற கோழிக்கறி திங்கட்கிழமை தாண்டாது. கேட்டா, "எந்தக் கறி அண்ணை?" எண்டுவான்.

சரி, இவ்வளவு படிச்ச ஆக்களுக்குக் கோப்பி ஊத்துறன், கொஞ்சத்தையாவது பாவிப்பம் எண்டு நினைச்சன். எதிரி தொட்டா அழிஞ்சு போவன் எண்டு பயப்பட வேணும், அதுதானே டொக்டரின்ர கணக்கு. அந்த ஞாயிறு மிளகாய்த்தூளை ரெண்டு மடங்கு போட்டன். எனக்கே ஒரு வாய்க்கு மேல வைக்க ஏலாமல் பாணும் ஜாமும் சாப்பிட்டுப் படுத்தன்.

திங்கட்கிழமை வேலையால வாறன், சட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடக்குது. அந்தோனி வேர்த்து விறுவிறுத்து, மூக்கைத் துடைச்சுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்போட நிக்கிறான்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ, இவ்வளவு நாளும் கறி சப்பெண்டுதான் இருந்தது. இண்டைக்குத்தான் வாய்க்குப் பிடிச்சது."

ரெண்டு பக்கமும் பயமோ?

ஒரு நாள் ஒன்பது மணிக் கோப்பியோட போக, டொக்டர் வேபர் என்னை இருக்கச் சொன்னார். அந்த அறையில நான் கதிரையில இருந்தது அதுதான் முதல் தரம். பேர்னில இருந்து அவரைக் கேட்டிருக்கினமாம், இலங்கை எப்பிடி, ஆக்களைத் திருப்பி அனுப்பலாமோ எண்டு. இனி எவ்வளவு பயத்தைக் காட்டுறனோ அவ்வளவுக்கு நல்லது எண்டு நினைச்சன்.

"ராணுவத்துக்கு உங்கட இயக்கப் பெடியளில பயமோ?"

"பயம் டொக்டர். காம்பை விட்டு வெளிய வர யோசிக்கிறாங்கள்."

"உங்கட பக்கத்துக்கு ராணுவத்தில பயமோ?"

"பயமில்லாமலோ! என்ர மனிசி பங்கருக்குள்ள குந்திக்கொண்டு இருக்கிறா."

"அப்ப ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு பயம்?"

"ஓமோம், ஒருத்தருக்கு ஒருத்தர் குறைவில்லை," எண்டு நல்லா அழுத்திச் சொன்னன்.

அவர் எழுதி முடிச்சார். பேனையை மூடிப்போட்டு என்ர தோளில தட்டினார்.

"மெத்த நன்றி, ஹெர் சிவா. பயம் சமமா இருக்கிறபடியால் உங்கட நாடு நிலையாத்தான் இருக்குது."

ப்ராவ் ஹூபரின்ர ஏவுகணை

குசினிக்கு எப்பிடி வந்தன் எண்டு தெரியாது. நிலையான நாடு எண்டா ஆக்களைத் திருப்பி அனுப்பலாம். என்னை அனுப்பச் சொல்லி நானே ஓமெண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறன். நான் சொன்னதை ப்ராவ் ஹூபர் முழுக்கக் கேட்டா. ஏப்ரனோடயே நேர கூட்ட அறைக்குள்ள போனா, பின்னால நான். படிச்ச ஆக்கள் எல்லாரும் இருந்தினம்.

"ஹெர் டொக்டர், இவரை அனுப்பினா நான் கோப்பி மெசினை நிப்பாட்டுவன். ஒருத்தருக்கும் இல்லை."

"நீங்கள் அப்பிடிச் செய்யமாட்டீங்கள், ப்ராவ் ஹூபர்."

"செய்யமாட்டன் எண்டு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமோ?"

முப்பது வருசமா அதே கேள்விக்குக் கணக்குப் போட்ட ஆக்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தினம். டொக்டர் வேபர் தான் எழுதினதைத் தூக்கிக்கொண்டு தன்ர அறைக்குப் போனார். பிறகு அதில என்னத்தை வெட்டினார், என்னத்தை விட்டார், அனுப்பினாரோ இல்லையோ, எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது.

மாதங்கள் போச்சுது. பேர்னில இருந்து போ எண்டும் இல்லை, இரு எண்டும் இல்லை. ஒருநாள் கோப்பை துடைச்சுக்கொண்டு ப்ராவ் ஹூபரைக் கேட்டன், நான் தப்பினது உங்கட வெருட்டாலயோ, டொக்டர் மனம் மாறினபடியாலோ, இல்லாட்டி பேர்ன்காரர் என்னை மறந்துபோச்சினமோ எண்டு. அவ திரும்பியும் பார்க்கேல்லை.

"அனுப்பேல்லைத்தானே? அப்ப வேலை செய்யுது. கோப்பையை வடிவாத் துடை."

மனிசி அங்க பங்கருக்குள்ள, நான் இஞ்ச பங்கருக்கு மேல, ரெண்டு பேரையும் எது காப்பாத்துது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது எண்டாலும், ஒன்பது மணிக்குக் கோப்பி மட்டும் ஒருநாளும் பிந்தேல்லை.