சும்மா இருந்த மூன்றாம் நம்பர்

"ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணு, பாக்கலாம்." குரல் முழுசாக வருகிறதா என்று பார்க்க, மனைவி போனை எடுத்ததும் இவர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். அந்த அம்மாளும் பதினெட்டு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஏழு காணாமல் போனால் மறுபடி முதலிலிருந்து. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார், டீயை முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். ஆபீஸில் இவருக்கு சி.ஐ.டி. என்று பெயர்.

இணையம் வழியாகப் போன் பேசவைக்கும் கம்பெனியில் வேலை. வரும் அழைப்புகளை நான்கு சர்வர் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துவிட ஒரு மெஷின் உண்டு. யாரிடம் கூட்டம் குறைவோ, அடுத்த அழைப்பு அங்கே போகும். ஐந்து நொடிக்கு ஒருதரம் நாலையும் அது நலம் விசாரிக்கும். பதில் வந்தால் திரையில் பச்சை விளக்கு. ஆபீஸே அந்தப் பச்சையை நம்பும். "இருக்கேன்னு யாரு வேணாலும் சொல்லுவான் சார். பேசச் சொல்லுங்க, அப்பத் தெரியும்" என்பார் இவர்.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து புகார். மணி அடிக்கிறது, எடுத்தால் குரலே இல்லையாம். யாருக்கு மூச்சு முட்டுகிறதோ, எந்தத் தெருவில் கிடக்கிறார்களோ! மேனேஜர் திரையைக் காட்டினார். "நாலும் பச்சைதானே சார்? அவங்க போன்லதான் கோளாறு, விட்டுத் தள்ளுங்க." மற்றவர்கள் கூட்டம் அதிகமிருந்த ஒன்றாம் நம்பர் சர்வரைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

இவர் கண் மூன்றாம் நம்பர் மேல். "மத்த மூணும் நூறு நூறு பேரைத் தாங்குது. இவன் மட்டும் எப்படி ஹாயா இருக்கான்? எனக்கு இவன் மேலதான் டவுட்டு."

மூன்றாம் நம்பர் வழியாகவே ஆம்புலன்ஸ் நிலையத்தைக் கூப்பிட்டார். எடுத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. குரல் கேட்காததால் ஜனங்கள் உடனே வைத்துவிடுகிறார்கள். வைத்துவிடுவதால் இவனிடம் கூட்டமில்லை. கூட்டமில்லை என்று அந்த மெஷின் அடுத்த ஆளையும் இவனிடமே அனுப்புகிறது.

"அடப்பாவி! பச்சை விளக்கைப் போட்டுக்கிட்டே கழுத்தறுத்திருக்கியே!"

"பர்மிஷன் வாங்காம கை வெக்காதீங்க சார், வேலைக்கே உலை வெச்சுக்குவீங்க" என்று மேனேஜர் பின்னாலேயே ஓடிவந்தார். அதற்குள் மூன்றாம் நம்பரின் ஒயரைக் கழற்றியாயிற்று.

பிறகு மீதி மூன்று சர்வர்கள் வழியாகவும் ஒவ்வொன்றாக நிலையத்தைக் கூப்பிட்டு, பத்து வரை எண்ணச் சொன்னார். மூன்றாவது தடவை போனை எடுத்த பெண், இவர் வாயைத் திறக்கும் முன்பே, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று ஆரம்பித்துவிட்டாள். பத்து வரை கண்ணை மூடிக் கேட்டார்.

"இப்பவாவது நிம்மதியா?" என்றார் மேனேஜர். "மூணை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும். பச்சை வந்ததும் நானே மாட்டிடறேன், நீங்க சாப்பிடப் போங்க."

"சரிங்க சார்" என்று தலையை ஆட்டிவிட்டு, கழற்றிய ஒயரைச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.