பார்க்கிங்கிலிருந்து பார்த்த தாஜ்மகால்

போன வாரம் ஒரு வேலையாகக் குத்தம்பாக்கம் பக்கம் போயிருந்தேன். புதிதாக எழும்பி நிற்கும் பேருந்து நிலையத்தைத் தாண்டி, சாலையோரம் ஒரு டூரிஸ்ட் பஸ். அதன் வயிற்றில், பெட்டிகள் வைக்கும் டிக்கியின் கதவைத் தூக்கிவிட்டு, உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார். பாதங்கள் இரண்டும் வெளியே, வெயிலில். முன்சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். டீசலும் எலுமிச்சையும் சூடேறிய ரப்பரும் கலந்த அந்த வாசனை வந்ததும் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டேன். அந்த மனிதர் கண் விழித்திருந்தால், இந்தப் பொம்பளைக்கு என்ன கோளாறு, என் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று நினைத்திருப்பார்.

என் நைனா டூரிஸ்ட் பஸ் ஓட்டியவர். நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பூந்தமல்லியிலிருந்து கிளம்பும் காசி யாத்திரை, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்காரர்கள் ஆயுதபூஜை லீவில் போகும் மைசூர், ஜோக் அருவி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தஞ்சாவூர், எல்லாம் அவர் கையால்தான். இந்தியாவில் வாயைப் பிளந்து பார்க்கவேண்டிய இடம் எதுவோ, அங்கெல்லாம் அவர் போயிருக்கிறார். எதையும் பார்த்ததில்லை.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை, அந்தத் தொழிலின் நடைமுறை அது. ஊர் பார்க்கிறவர்கள் பகலில் பார்ப்பார்கள், இரவில் பஸ்ஸில் தூங்குவார்கள். ஓட்டுகிறவருக்கு நாள் தலைகீழ். ஜனம் இறங்கிப் போனதும் டிக்கியில் பாயை விரித்துவிடவேண்டும். தூங்காவிட்டால் அன்றிரவு அத்தனை உயிரும் அவர் இமையில் தொங்கும். நைனாவுக்கு அது உடம்பிலேயே ஊறிவிட்டது. என்ஜின் நின்றால் தலை சாயும். வீட்டில் மிக்ஸி நின்றால்கூடச் சாயும் என்று அம்மா கேலி செய்வாள்.

எனக்கு இது தெரியாத வயதில், பள்ளியில் 'நான் வியந்த அதிசயம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஆக்ரா போய்வந்த அப்பா இருக்க எனக்கென்ன கவலை?

"தாஜ்மகால் எப்படி இருந்துச்சு நைனா?"

"சூப்பரா இருந்துச்சு பாப்பா. வேப்பமரம் நெறைய கீது. காத்து சிலுசிலுன்னு வரும். தண்ணிதான் உப்பு."

அப்படியே எழுதினேன். தாஜ்மகாலில் வேப்பமரங்கள் அதிகம், நல்ல காற்று வீசும், தண்ணீர் உப்பாக இருக்கும். டீச்சர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். என் முதல் படைப்பு வாசிக்கப்பட்டு அவையே சிரித்தது. பிறகு எழுதியவற்றுக்கு அந்த அளவு வரவேற்பு கிடைத்ததில்லை.

அழுதுகொண்டே வீடு வந்தபோது காஜா பாய் இருந்தார். பூந்தமல்லிக்காரர், நைனாவோடு மாற்று டிரைவராகப் போகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு டீயைத் துப்பாத குறையாகச் சிரித்தார். "அரே பாப்பா, உங்க நைனா எங்க தாஜ்மகால பாத்தாரு? தாஜ்மகால்தான் உங்க நைனா கொறட்டைய கேட்டுச்சு!"

"நீ மட்டும் இன்னா மாமே, மினாரா மேல ஏறி நின்னியா?" என்றார் நைனா.

"நீ எதையுமே பாத்ததில்லையா?" என்று கேட்டேன். அவமானம் எனக்குத்தான், ஆனால் அவர் முகம்தான் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சொன்னார்: "பாப்பேனே. ஜனம் திரும்பி வர்றத பாப்பேன்."

ஆட்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்கு விழிப்பு வந்துவிடும். முகம் கழுவி, தலை சீவி, பஸ் கதவோரம் நிற்பார். வருகிற முகங்களைப் பார்ப்பார். அவர் தீர்ப்பில் இரண்டே வகை. "பேசிகினு வந்தா சுமாரு. சும்மா வந்தா பெருசு." மைசூர் அரண்மனை சுமார், எல்லோரும் சோப்பு வாங்கிய கதையைப் பேசிக்கொண்டே ஏறினார்கள். ஜோக் பெருசு, ராத்திரி முழுக்கப் பாட்டுப் பாடி உயிரை வாங்கிய எஸ்டேட் பையன்கள் நனைந்த கோழி மாதிரி வந்து உட்கார்ந்து, ஷிமோகா வரைக்கும் மூச்சு விடவில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் பெருசு. ஒரு பெரியவர் செருப்பை மறந்து வெறுங்காலோடு வந்து ஏறினார். தாஜ்மகால்? சென்னையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி. திரும்ப ஏறும்போது அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் சீட்டைப் புருஷனுக்கு விட்டுக்கொடுத்தாள். "பெருசு பாப்பா. ரொம்ப பெருசு."

ஒவ்வொரு மழைக்காலத்திலும், செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது என்று தெரிந்தால், நைனா காஜா பாயின் மொபெட்டை வாங்கிக்கொண்டு ஐயப்பன்தாங்கலிலிருந்து எங்களைக் கூட்டிப்போவார். நானும் அம்மாவும் கரையேறுவோம். அவர் கீழேயே நின்றுவிடுவார்.

"நீயும் வா நைனா."

"வண்டிய யாரு பாத்துக்கறது?"

அந்த மொபெட்டை யாரும் திருடமாட்டார்கள். திருடினாலும் ஸ்டார்ட் செய்யத் தெரியாது. ஆனாலும் அவர் வரமாட்டார். மேலே ஏறியதும் காற்று காதில் அறையும். எதிர்க்கரையே இல்லாத தண்ணீர். வானம் எங்கே முடிந்து ஏரி எங்கே தொடங்கியது என்று தெரியாது. கருங்கல் சரிவில் அலை அடித்து அடித்துத் திரும்பும். பார்த்துவிட்டு இறங்கும்போது வேண்டுமென்றே வாயை இறுக்கி மூடிக்கொள்வேன், அவர் 'பெருசு' என்று சொல்லவேண்டுமே! குனிந்து என் முகத்தை உற்றுப் பார்ப்பார். "திருடி, ஊமை வேஷம் போட்றா" என்று விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டுவார்.

வேலையின் கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு வருத்தம் வந்தது. "இப்பல்லாம் எல்லாரும் போனப் பாத்துகினே திரும்பி வராங்க பாப்பா. எட்த்த போட்டோவ அங்கயே நின்னு பாக்கறாங்க. மூஞ்சே தெரில. ஜோக் பெருசா சுமாரானே இப்ப சொல்ல முடில."

அதற்குப் பிறகுதான் சர்க்கரை அவர் கண்ணுக்கு ஏறியது. ஸ்டியரிங் போனது. எதிர்வீட்டு மாடிக் கொடியில் காய்வது புடவையா போர்வையா என்று தெரியாமல் போனது. கண் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இருக்கிற பார்வையும் எத்தனை நாளைக்கென்று சொல்வதற்கில்லை என்றார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு ஒரே நினைப்புதான்: ஒன்றையாவது, ஒரே ஒன்றையாவது, இந்த மனிதர் சொந்தக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

எதைப் பார்க்க ஆசை என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "ஒகேனக்கல்தான் எனக்கு இன்னும் புரில. அங்க போறவங்க எண்ணெ தேச்சிகினு, மீனு துன்னுட்டு வராங்க. பேசிகினேதான் வராங்க. ஆனா அது அருவியப் பத்தியா மீனப் பத்தியான்னு தெரில. பெருசா சுமாரா, ஒரு முடிவுக்கு வர முடில பாப்பா."

வாடகைக் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் டிரைவர் தம்பிக்குக் கியர் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பையன் பொறுமைசாலி. ஒகேனக்கல்லில் காவிரி பெருகி ஓடிக்கொண்டிருந்தது. பரிசல் நிறுத்திவிட்டார்கள், மேலே நடந்து போய்ப் பார்க்கலாம். வண்டி நின்றது. என்ஜின் அணைந்ததும் நைனாவின் தலை சாய்ந்தது. தொட்டு எழுப்பினேன்.

"வந்துட்டோம் நைனா. வா, கையப் பிடிச்சுக்கோ."

"நீ போய் பாத்துட்டு வா. நான் வண்டியாண்ட கீறேன்."

"வண்டியப் பாத்துக்க டிரைவர் இருக்காரு. உனக்காகத்தானே வந்தோம்?"

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அவ்ளோ தூரத்துல கீறது எனக்கு வெறும் பொக மாதிரிதான் தெரியும். உன் மூஞ்சி கிட்ட வந்தா தெரியும். போய்ட்டு வா."

போனேன். செம்மண் கரைத்த தண்ணீர், ஒரு நதி முழுக்க, பாறைகளைத் தேடித் தேடி விழுந்துகொண்டிருந்தது. விழுந்தது மறுபடி புகையாக எழுந்து என் மேல் நின்றது. கால் வைத்திருந்த தரை அதிர்ந்தது. இந்த இரைச்சலுக்குக் கூப்பிடு தூரத்தில் எத்தனை முறை தூங்கியிருக்கிறார்! எழுதிப் பிழைக்கிறவள் நான். ஒரு உவமை வரவில்லை. திரும்பும்போது பயம் பிடித்துக்கொண்டது. என்ன முகத்தைக் கொண்டுபோவது? ஊமை வேஷமென்று கண்டுபிடித்துவிடுவாரே. "அக்கா, மீனு சூடா இருக்கு, சாப்ட்டுப் போக்கா" என்ற குரல்களைக் கடந்து வேகமாக நடந்தேன்.

டிரைவர் தம்பி சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நைனா காருக்கு வெளியே நின்றார். முகம் கழுவியிருந்தார். தலை சீவியிருந்தார். ஒரு கை கார்க் கதவைப் பிடித்திருந்தது. நான் எதிரில் போய் நின்றேன். என் தாடையைப் பிடித்து, மூச்சுப் படுகிற தூரத்துக்கு இழுத்து, இடது கண்ணால் ஒருமுறை, வலது கண்ணால் ஒருமுறை பார்த்தார். கட்டைவிரலால் என் கன்னத்தைத் துடைத்தார். அருவி நீரா, மற்றதா என்று கேட்கவில்லை.

"பெருசு," என்றார். "பெருசுதான்."

பிறகு கார்க் கூரையைத் தட்டினார். "தம்பி, ஏந்திரு. ஜனம் வந்துட்ச்சு."

அடுத்த மழைக்கு அவர் இல்லை.

குத்தம்பாக்கத்தில் அந்தப் பாதங்களைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. செம்பரம்பாக்கத்துக்கு விட்டேன். கரைக்குக் கீழே வயல் இருந்த இடத்தில் மனைக்கற்களும் தகரக் கூரை குடோன்களும். மேலே ஏறினேன். தண்ணீர் அதே தண்ணீர். காற்று அதே மாதிரி காதில் அறைந்தது. நின்றேன், பார்த்தேன், இறங்கினேன். பாதி வழியில்தான் கவனித்தேன், வாயை இறுக்கி மூடியிருந்தேன்.

கீழே என் ஸ்கூட்டி மட்டும் சாய்ந்து நின்றது. யாரும் பார்த்துக்கொள்ளாமலே அது பத்திரமாக இருந்தது. கொஞ்ச நேரம் அதனெதிரில் அப்படியே நின்றேன். பிறகு ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.