துடைத்து அனுப்பிய கேமரா

கனடாவில் இருக்கும் என் மகள், கல்லூரிக் காலத்தில் தான் வைத்திருந்த பழைய கேமராவை அனுப்பச் சொன்னாள். கேமரா, இரண்டு லென்ஸ், சார்ஜர் எல்லாவற்றையும் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தருமபுரி கூரியர் கடைக்குப் போனேன்.

பெட்டி கட்டிய பெண் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். "என்னங்கய்யா, மேல செவப்பா ஒட்டியிருக்குது? கஸ்டம்ஸ்ல என்ன பொடின்னு பிரிச்சு வெச்சுக்கிட்டா எங்களக் கேக்காதீங்க."

எனக்குப் பயம் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை நனைத்துச் சுவடு தெரியாமல் துடைத்துக் கொடுத்தேன்.

கனடாவில் சுங்க வரி கேட்டார்கள். மகள் கட்டிய தொகையைப் போனில் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. "ஏங் கண்ணு, இந்தக் காசுக்கு அங்கயே ஒண்ணு வாங்கியிருக்கலாமில்ல?"

"படம் எடுக்கவா கேட்டேன்? போன ஆயுத பூசைக்கு அம்மா அதுல பொட்டு வெச்சாங்கல்லப்பா. அதத்தான் காணோம்."

அந்தப் பூசைக்குப் பிறகு வந்த பொங்கலைப் பார்க்க என் மனைவி இல்லை.

"நாந்தான் கண்ணு தொடச்சுட்டேன்."

"பரவால்லீங்கப்பா. சாப்டீங்களா?" என்றாள்.

போனை வைத்துவிட்டு பீரோ, தையல் மெஷின், கிரைண்டர் என ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பொட்டு புழங்கப் புழங்க அழிந்திருந்தது. பைக்குள்ளேயே இருந்த கேமராவில் மட்டும்தான் அவள் விரல் பட்ட இடம் மிஞ்சியிருந்திருக்கிறது. மூன்று முறை எண்ணி அனுப்பியும், மகள் கேட்டதை நான் அனுப்பவில்லை.

கடைசியாக அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். வீடு திரும்பிய அன்றே அதைக் கறை போகத் துவைத்திருந்தேன்.